புனே நகரில் பாரசீகப் புலமையும் வரலாற்று ஆய்வரங்குகளும்

முன்னுரை

ஒரு நாட்டின் வரலாறு அந்நாட்டு மக்கள் பேசும் மொழியில் மட்டும் எழுதி வைக்கப்படுவதில்லை. மராட்டியர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். தக்காணச் சுல்தான்களின் ஆணைகளும் முகலாய அவைக் குறிப்புகளும் பெரும்பாலும் பாரசீக மொழியில் அமைந்தவை. ஆகவே, மராட்டிய வரலாற்றை ஆராயப் புகுந்தோர் இசுலாமிய அரசுகளின் ஆட்சிமொழியையும் கல்வி மரபையும் அறிய வேண்டியவராயினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் புனே நகரில் இத்தேவையை ஒட்டி நிகழ்ந்த அறிவுப் பரிமாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிறுவனங்களும் மாநாடுகளும்

வி. கா. ராஜ்வாடே முதலியோர் 1910இல் பாரத இதிகாச சம்சோதக மண்டலத்தை நிறுவினர். 1917இல் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் தோன்றியது. 1919 நவம்பரில் முதலாவது அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாடு ரா. கோ. பண்டார்கர் தலைமையில் இந்நகரில் கூடியது. வடமொழி ஆய்வு முதன்மை பெற்ற இம்மாநாட்டு மரபில் அரபு, பாரசீகம், இசுலாமியப் பண்பாடு ஆகியவற்றிற்கும் காலப்போக்கில் தனிப்பிரிவுகள் அமைந்தன. இம்மாநாடு 1924இல் சென்னையிலும் 1955இல் அண்ணாமலை நகரிலும் நடைபெற்றது.

மண்டலத்தின் வெள்ளி விழாவை ஒட்டி 1935இல் புனேயில் நடைபெற்ற வரலாற்று மாநாடு பின்னர் இந்திய வரலாற்றுப் பேரவையாக வளர்ந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷஃபாத் அகமது கான். மராட்டியர் பெருமையைப் போற்றி வந்த ஓர் அமைப்பு, வட இந்திய முசுலிம் அறிஞர் ஒருவரைத் தலைமை ஏற்கச் செய்தமை குறிப்பிடத்தக்கது. அவர் தொடங்கிய ஆங்கில வரலாற்று இதழ் பின்னர்ச் சென்னையில் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது.

1939இல் ஆய்வு நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்ட தக்காணக் கல்லூரியில் முகம்மது அப்துல்லா சகதாய் பணியாற்றினார். அகமதாபாத் நகர முசுலிம் கட்டடங்களை அவற்றின் கல்வெட்டுகள் வழி விளக்கிய அவரது ஆய்வு 1942இல் வெளிவந்தது.

அகராதியும் ஆவணமும்

மாநாடுகளினும் நிலைத்த பயன் தந்தவை கருவி நூல்களே எனலாம். பெர்குசன் கல்லூரியில் பாரசீகம் கற்பித்த மாதவ் திரியம்பக் பட்வர்தன், 'மாதவ் ஜூலியன்' என்னும் பெயரில் புகழ்பெற்ற கவிஞர். அவர் தொகுத்த பாரசீக–மராட்டி அகராதி 1925இல் வெளிவந்தது. கசல் வடிவத்தை மராட்டியில் வேரூன்றச் செய்த அவரே மொழித்தூய்மை இயக்கத்திலும் ஈடுபட்டார் என்பது முரணாகத் தோன்றலாம். ஆயின், ஒரு சொல்லை விலக்க வேண்டுமெனினும் அது எம்மொழிச் சொல் எனத் தெளிதல் வேண்டும். தனித்தமிழ் இயக்கத்தின் வரலாறு அறிந்தோர்க்கு இது புதிதன்று.

மண்டலத்தைச் சார்ந்த கணேஷ் ஹரி கரே (1901–1985) பாரசீகம் பயின்று, மராட்டிய வரலாற்றிற்குரிய பாரசீக ஆவணங்களை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். மூலத்தை மொழிபெயர்ப்புடன் சேர்த்து வழங்கியமையால், பாரசீகம் அறியாதாரும் அவற்றைப் பயன்படுத்த முடிந்தது.

கருத்து வேறுபாடு

இப்பரிமாற்றம் பூசலின்றி நிகழவில்லை. ஔரங்கசீப் வரலாற்றை ஐந்து தொகுதிகளில் எழுதிய யதுநாத் சர்க்கார் பாரசீகச் சான்றுகளுக்கு அளித்த சிறப்பிடத்தைப் புனே அறிஞர் பலர் ஏற்கவில்லை. மராட்டி ஆவணங்களே முதன்மையானவை என வாதிட்டனர். ஆயினும் சர்க்காரும், 1930–34இல் பேஷ்வா ஆவணங்களை 45 தொகுதிகளாகப் பதிப்பித்த கோ. ச. சர்தேசாயும் நெடுங்காலம் மடல்வழிக் கருத்துகளைப் பகிர்ந்து வந்தனர். பாரசீகம் வல்லாரும் மராட்டி வல்லாரும் ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்தமைக்கு இந்நட்பு சான்றாகிறது.

தமிழகச் சூழல்

தமிழகத்திலும் இத்தகைய தேவை உண்டு. ஆர்க்காட்டு நவாபுகளின் வரலாற்று மூலங்கள் பாரசீகத்தில் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த முகம்மது உசேன் நயினார், 'துசுக்கி வாலாஜாகி' என்னும் பாரசீக வரலாற்று நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1934, 1939 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. அரபுத்தமிழ் நூல்களைப் பயில்வோர்க்கும் தமிழறிவோடு அரபு எழுத்தறிவும் இன்றியமையாதது. இரு புலமையும் ஒருவரிடமே அமைதல் அரிது. ஆதலின் அறிஞர் கூடிப் பணியாற்றுவதே வழியாகும்.

முடிவுரை

2004 சனவரி 5 அன்று, சிவாஜி பற்றிய அயல்நாட்டு அறிஞரின் நூல் ஒன்றை எதிர்த்து வந்த கூட்டத்தினர் பண்டார்கர் நிறுவனத்தைத் தாக்கினர். நூல்களும் சுவடிகளும் சேதமுற்றன. அந்நூலின் கருத்தை மறுப்பதற்குரிய சான்றுகளும் அத்தகைய நூலகங்களிலேயே உள்ளன என்பது எண்ணத்தக்கது. சர்க்காரை மறுத்த புனே அறிஞர்கள் ஆவணங்களைத் தேடிப் பதிப்பித்தே மறுத்தனர். அதனால் வரலாற்றுத்துறை வளம் பெற்றது. மாற்றார் மொழியைக் கற்றலும் மாற்றுக் கருத்தைச் சான்று கொண்டு எதிர்கொள்ளுதலும் ஆகிய இவ்விரு பண்புகளே புனே நகரின் ஆய்வு மரபிலிருந்து கொள்ளத்தக்கவை.