குறடு ஆற்றை கையில?

நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை எண்டு தீவுகளில இருந்து கலைப்பீடத்துக்கு வந்த நாங்கள் கதைச்சுக்கொண்டிருக்கேக்க ஒரு விசயம் எல்லாருக்கும் பொதுவா இருந்தது. கலவன் பாடசாலை, விஞ்ஞானக் கண்காட்சி. பெடியள் வயர் கொழுவுவாங்கள். பெட்டையள் பிரிஸ்டல் போர்ட்டில விளக்கம் எழுதுவினம். "உங்கட கையெழுத்துத்தானே வடிவு" எண்டு ஆசிரியர் சொல்ல, அதைப் பாராட்டு எண்டுதான் நினைச்சம்.

2017 யூலையில் வாஷிங்டனில் ஃபர்ஸ்ட் குளோபல் என்ற மாணவர் ரோபோப் போட்டி நடந்தது. 150க்கும் மேற்பட்ட நாடுகள் பங்குபற்றின. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து ஆறு மாணவிகள் மட்டும் கொண்ட அணி வந்தது. அமெரிக்க விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டு, உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகுதான் அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. போட்டியின் கரு தண்ணீர். நல்ல தண்ணீரைக் குறிக்கும் நீலப் பந்துகளையும் அழுக்கைக் குறிக்கும் செம்மஞ்சள் பந்துகளையும் ரோபோ பிரிக்க வேண்டும். குடத்தோட நல்ல தண்ணிக்கு அலைஞ்ச எங்கட அம்மாமாருக்கு இந்தக் கணக்கு நல்லா விளங்கும். துணிவுக்கான வெள்ளிப் பதக்கம் அந்த அணிக்குக் கிடைத்தது. அந்த மேசையில வயர் கொழுவினதும் பெட்டையள்தான், ரோபோவை ஓட்டினதும் பெட்டையள்தான். வேற ஆக்கள் இல்லையே!

அப்ப, பெண்களுக்குத் தனி அணி இருந்தாக் காணுமோ? யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கேள்வி பழசு.

அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்குச் செமினறி தொடங்கியது. அடுத்த வருடம், 1824இல், உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது. வட்டுக்கோட்டையில் கணிதம், வானியல், பௌதிகம் படிப்பித்தார்கள். உடுவிலில் வாசிப்பும் எழுத்தும் இருந்தன, கூடவே தையலும் வீட்டு நிர்வாகமும். செமினறியில் படித்தவர்களுக்குப் பொருத்தமான கிறிஸ்தவ மனைவிமாரை உருவாக்குவதும் அந்தப் பள்ளியின் நோக்கங்களில் ஒன்று. ஆனாலும் அங்கே படித்த பெண்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். மனைவி ஆக்கத் திறந்த கதவால ரீச்சர்மார் வந்திட்டினம்.

உடுவிலும் ஹெராத்தும் இரண்டும் தனியிடம்தான். ஒன்றில் கையில் ஊசி கொடுத்தார்கள், மற்றதில் குறடு. அதோடு, தனியிடத்தைப் பூட்டுவதும் லேசு. 2021இல் தலிபான் திரும்பி வந்த பிறகு, ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக்கூடமே இல்லாமல் போனது. ரோபோ அணியைச் சேர்ந்த பலர் கட்டாரும் மெக்சிக்கோவும் போய்ச் சேர்ந்தார்கள்.

எங்கட தீவுப் பள்ளிகளில ஒரு வகுப்பில எத்தினை பிள்ளையள்? ஒரு அணிக்கே ஆள் காணாது. இதில ரெண்டு அணிக்கு எங்க போறது? அதால நாங்கள் கேக்கிறது சின்ன விசயம்தான். ஒரே அணியில முறை வைச்சு வேலையை மாத்துங்கோ. இந்தக் கிழமை வயர் கொழுவின பெடியன் அடுத்த கிழமை விளக்கம் எழுதட்டும். எழுதின பெட்டை குறட்டை எடுக்கட்டும். பிழைச்சாலும் பரவாயில்லை, ஒருத்தரும் அவளின்ர கையில இருந்து பறிக்காதேங்கோ.

பெடியன்ர எழுத்தும் அப்ப வடிவாகும்.