முள்கம்பியும் இளங்கிடாரியும்

டெக்சாஸ் மேய்ச்சல்வெளிகளில் முள்கம்பி வந்ததைப் பெரும்பாலும் நிலத் தகராறாகவே எழுதுகிறார்கள். இல்லினாய் மாநில விவசாயி ஜோசப் கிளிடன் 1874இல் தம் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். 1883இல் கம்பி அறுப்புச் சண்டைகள் வெடித்தன. 1884இல் வேலியை அறுப்பது பெருங்குற்றமானது. இவை நடந்தவைதான். ஆனால் அந்த வேலி மாட்டின் உடலில் செய்த மாற்றத்தை யாரும் போதிய அளவு பேசவில்லை. கிடாரி எந்த வயதில் சினைப்படுவது என்பதை அந்தச் சமவெளியில் மனிதர் முடிவுசெய்ய முடிந்ததே வேலி வந்த பிறகுதான். அதற்கு முன் காளையும் பசுவும் கிடாரியும் ஆண்டு முழுவதும் ஒன்றாகவே திரிந்தன. வசந்தகாலத்தில் மந்தையை வளைத்துக் கன்றுகளுக்குச் சூடு போட்டு, காளைக்கன்றுகளுக்குக் காயடிப்பார்கள். அந்த வளைப்பில் தப்பிய கன்று அடுத்த ஆண்டு பொலிகாளையாகவே நிற்கும். ஒரு வயதுகூட நிரம்பாத கிடாரியும் பருவத்துக்கு வரலாம். அப்போது சினைப்பட்டால், அவள் உடல் வளர்ந்து முடிவதற்குள் ஈற்று வந்துவிடும். இடுப்பெலும்பின் வழி குறுகல். கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே தெரியும், தலை உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆள் நடமாட்டமில்லாத வெளியில் தாயும் கன்றும் சேர்ந்தே சாகும். பிழைத்தவளும் எலும்பும் தோலுமாகி, அடுத்த ஆண்டு சினை பிடிக்கத் திணறுவாள்.

அந்த வெளிகளில் திரிந்த லாங்ஹார்ன் இன மாடு சுலபமாக ஈனும், அதற்கு எதற்கு வேலி என்று கேட்கலாம். அதன் கன்று சிறியது என்பது உண்மை. ஆனால் ஷார்ட்ஹார்ன், ஹெரஃபோர்டு இனக் காளைகளைக் கொண்டுவந்து இனத்தை மேம்படுத்தத் தொடங்கியதும் கன்றுகள் கனத்தன, தலையீற்றும் ஆபத்தானது. பண்ணையாளர் சார்லஸ் குட்நைட் 1876இல் டெக்சாஸின் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் மந்தையை இறக்கினார். பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவர்களே அவருக்கு முதல் வேலி. அங்கேதான் அவரால் உயர்ந்த இனக் காளைகளை வைத்து மந்தையைச் சீராக்க முடிந்தது. இது புது ஞானமும் அல்ல. 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் டிஷ்லியில் ராபர்ட் பேக்வெல் ஆண் பெண் விலங்குகளைத் தனித்தனியே அடைத்து, தாம் விரும்பிய இணையை மட்டும் சேர்த்தார். அவரிடம் அடைப்புள்ள வயல்கள் இருந்தன. சமவெளியில் கல்லும் மரமும் அரிது. மலிவான கம்பி வந்த பிறகே அந்த முறை அங்கு எட்டியது.

கிடாரியின் சூலகத்தை அறுத்தெடுக்கும் வழக்கம் முன்பே இருந்ததே என்பது வலுவான மறுப்பு. ஆனால் அது கொழுக்கவைத்து இறைச்சிக்கு விற்கும் கிடாரிக்கு மட்டுமே பொருந்தும். தாயாக வேண்டியவளுக்கு அது வழியே இல்லை. அவளுக்குத் தேவை தடை அல்ல, ஓராண்டு தள்ளிப்போடல். அதைத் தந்தது வேலி. அதுவும் தனியாகத் தந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்: காயடிக்காத ஏழெட்டு மாதக் காளைக்கன்று அதே வேலிக்குள் நின்றால் தன் தங்கையையே சினையாக்கிவிடும். ஆகவே காலத்தில் காயடிப்பதும், தாயிடமிருந்து பிரித்தவுடன் கிடாரிகளைத் தனிப் பட்டியில் விடுவதும் வேலியோடு சேர்ந்தே வரவேண்டியிருந்தன. வேலி தவறினால் சினையைக் கலைக்க உதவும் புராஸ்டாகிளாண்டின் ஊசி 1970களின் இறுதியில்தான் அமெரிக்க மாட்டுப் பண்ணைகளுக்கு வந்தது. காளை சேர்ந்த முதல் சில நாட்களில் அது பலிக்காது. சினை ஐந்து மாதத்தைத் தாண்டினால் நம்ப முடியாது. கொழுக்கவைக்கும் பட்டிகளில் பல சந்தைகளிலிருந்து வாங்கிவந்த கிடாரிகளுக்கு அதை இன்றும் போடுகிறார்கள். அவை எந்தக் காளையோடு எத்தனை மாதம் நின்றன என்று வாங்கியவருக்குத் தெரியாது என்பதே அதற்குக் காரணம்.