கஞ்சா, ஒரு குரங்கு, ஒரு ரிஜிஸ்டர்

மக்களே, இன்னிக்கு ஒரு பழைய கமிஷன் கதை. 1893-ல பிரிட்டிஷ் பார்லிமெண்டுல கேள்வி கிளம்ப, இந்திய அரசு ஏழு பேரை வச்சு கஞ்சா விசாரணைக் கமிஷன் ஒண்ணு போட்டுச்சு. எங்க உழவர்கரை அப்போ பிரெஞ்சுக்காரங்க கையில, அதனால நாங்க அந்தக் கணக்குல இல்ல :-)

கஞ்சா அடிச்சா பைத்தியம் பிடிக்கும்ங்கறதுக்கு அன்னிக்கு இருந்த பெரிய ஆதாரம், மனநோய் விடுதி ரிஜிஸ்டர்கள். 1892-ல மட்டும் 222 பேர். கமிஷன் ஒவ்வொரு கேஸா தோண்டிப் பார்த்தா, 'காரணம்'ங்கற கட்டத்துல போலீஸ் எழுதிக் கொடுத்ததை அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க. கடைசில தேறினது 98 தான். நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, டீஃபால்ட் வேல்யூ!

அடுத்து குரங்கு. கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் கன்னிங்ஹாம், ஒரு குரங்குக்கு எட்டு மாசத்துக்கு மேல கஞ்சாப் புகை காட்டினார். அப்புறம் அறுத்துப் பார்த்தார். மூளையில கெடுதல் தென்படலை. மிதமாப் பயன்படுத்தினா மனசுக்குக் கெடுதல் இல்லைன்னு 1894-ல கமிஷன் அறிக்கை கொடுத்துச்சு.

ஆனா ஞாபகம் கத்தியில மாட்டுற சமாச்சாரமா? உயிரோட இருக்கறப்பவே பரீட்சை வைக்கணும். 2014-ல வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுல அதைத்தான் செஞ்சாங்க. வளரிளம் குரங்குகளுக்குக் கஞ்சாவோட போதைப்பொருளை ஆறு மாசம் ஏத்தினாங்க. எந்தப் பொருள்னு நினைவு வைக்கறதுல பாதிப்பில்லை. எந்த இடம்னு நினைவு வைக்கற திறமை மட்டும், மத்த குரங்குகளுக்கு வளர்ந்த அளவு இதுங்களுக்கு வளரலை.

ரிஜிஸ்டரைச் சந்தேகப்பட்ட கமிஷன், கத்தியையும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். நீங்க என்ன சொல்றீங்க?