பிள்ளைகள் இல்லாத ஊர்

பாலை என்றதும் நமக்குப் பிரிவுதான் நினைவுக்கு வரும். பொருள் தேடிப் போகும் தலைவன், உடன்போக்கில் செல்லும் காதலர், அவர்களைத் தேடி நடக்கும் செவிலி என அந்நிலத்தில் நாம் காண்பவர் பெரும்பாலும் அதைக் கடந்து செல்பவர்களே. எயினரைத் தவிர அங்கே தங்கி வாழ்ந்தவர் அரிது. பொருள் தேடி முடித்தபின், முதுமையில், தாமே விரும்பிப் பாலைக்குச் சென்று வீடு வாங்கிக் குடியேறும் ஒரு கூட்டத்தை நம் திணைக் கோட்பாடு எதிர்பார்த்திருக்கவில்லை. அப்படியொரு கூட்டம் சென்ற நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உருவாயிற்று. அவர்கள் குடியேறிய சன் சிட்டி என்னும் ஊரின் கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

1960ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பீனிக்ஸ் நகருக்கு வடமேற்கே, பருத்தி விளைந்த நிலத்தில் அவ்வூர் திறக்கப்பட்டது. அதுவரை அவ்விடத்தின் பெயர் மேரினெட். பஞ்செடுப்போர் வாழ்ந்து, பின்னர் ஓய்ந்துபோன சிற்றூர். ஐந்து மாதிரி வீடுகள், ஒரு கடைத்தொகுதி, ஒரு பொழுதுபோக்கு மையம், ஒரு கோல்ஃப் மைதானம் ஆகியவைதாம் அன்று அங்கே இருந்தன. பத்தாயிரம் பேர் வந்தால் பெரிது என்று எண்ணியிருந்தார்கள். அந்த வார இறுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வந்தார்கள். முதல் மூன்று நாட்களில் 237 வீடுகள் விற்றன. எளிய வீட்டின் விலை சுமார் 8,500 டாலர். ஐம்பது வயது கடந்திருக்க வேண்டும், பள்ளி செல்லும் வயதில் பிள்ளைகள் உடனிருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள்.

முதியோரைத் தனியே ஓரூரில் குவிப்பது அவர்கள் மனநலத்துக்கு ஆகாது என்று முதுமையியல் அறிஞர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆயினும் மக்கள் வரிசையில் நின்றார்கள் என்றால் அதற்குக் காலமும் ஒரு காரணம். 1935இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1940 முதல் மாதந்தோறும் ஓய்வூதியக் காசோலை வரத் தொடங்கியிருந்தது. பிள்ளையின் கையை எதிர்பாராமல் வாழும் முதுமை, சாதாரண உழைப்பாளிக்கும் முதன்முறையாகக் கைக்கெட்டியது. குளிர்சாதனப் பெட்டி வந்து பாலையின் கோடையையும் வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது. பனி அள்ளிச் சலித்த மத்திய மேற்கு மாநிலத்தவருக்கு அரிசோனாவின் குளிர்காலம் சொர்க்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த எண்ணம் முதலில் உதித்தது வேறொருவர் மனத்தில். ரஷ்யாவிலிருந்து வந்த யூதரான பென் ஷ்லைஃபர் வீட்டுமனைத் தரகர். முதியோர் காப்பகம் ஒன்றில் தம் நண்பரைக் காணச் சென்று, அங்கிருந்த நிலை கண்டு மனம் நொந்தவர். முதியவர்கள் தம் சொந்த வீட்டில், தம் விருப்பப்படி வாழ ஓர் ஊர் வேண்டும் என்று 1954இல் மேரினெட்டை அடுத்த பண்ணை நிலத்தில் யங்டவுன் என்ற ஊரை நிறுவினார். முதியோருக்கான ஊருக்கு ‘இளமையூர்’ என்று பெயர்! அமெரிக்க ஓய்வுபெற்றோர் சங்கத்தின் முதல் கிளை தொடங்கப்பட்டதும் அங்கேதான். ஆனால் யங்டவுனில் வசதிகள் குறைவு. பெருமுதலும் அவரிடம் இல்லை.

பெருமுதல் டெல் வெப் என்பவரிடம் இருந்தது. 1899இல் கலிஃபோர்னியாவில் பிறந்து, தச்சராகத் தொடங்கி, டைஃபாய்டு காய்ச்சலுக்குப் பின் உடல் தேற பீனிக்ஸ் வந்து ஒப்பந்ததாரர் ஆனவர். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் பங்குதாரர். லாஸ் வேகாஸின் ஃபிளமிங்கோ சூதாட்ட விடுதியைக் கட்டியவர். இவற்றைவிட நம் கவனத்தில் தைப்பது வேறொன்று. 1942இல், போர்க்காலத்தில், அமெரிக்க வாழ் ஜப்பானியரை அடைத்துவைக்க அரிசோனாப் பாலையில் போஸ்டன் என்ற இடத்தில் எழுப்பப்பட்ட முகாமைக் கட்டியதும் இவர் நிறுவனமே. உச்சத்தில் பதினேழாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே முள்வேலிக்குள் இருந்தார்கள். பாலையில் ஒரு நகரை விரைந்து எழுப்பும் வித்தையை அந்நிறுவனம் அங்கேயும் பயின்றது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே மாநிலப் பாலையில், இம்முறை மக்கள் பணம் கொடுத்து உள்ளே வந்தார்கள். இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஒரே கை என்று மட்டும் சொல்கிறோம்.

வெப்பின் நுட்பம் எளியது. வீடு விற்றபின் வசதி செய்து தருவேன் என்று வாக்களிப்பது மனைத்தரகர் வழக்கம். அவர் வசதிகளை முதலில் கட்டிக் காட்டினார். மரவேலைக்கூடம், மட்பாண்டச் சக்கரம், நீச்சல்குளம், சீட்டாட்ட அறை என்று ஓய்வு ஒரு வேலையைப் போல நாள் முழுவதும் நிரப்பப்பட்டது. 1962 ஆகஸ்டில் டைம் வார இதழ் அவர் முகத்தை அட்டையில் போட்டது. 1978இல் கட்டுமானம் நிறைவுற்றபோது வட்ட வட்டமான தெருக்களும், சாலையிலேயே ஓடும் கோல்ஃப் வண்டிகளுமாக ஒரு முழு ஊர் இருந்தது. இன்று அங்கே வாழ்வோர் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். ஆனால் சட்டப்படி அது நகரமே அன்று. மேயர் இல்லை, நகராட்சி இல்லை, நகராட்சி வரியும் இல்லை.

நாம் இக்கதையை எழுதத் தூண்டியது வசதிகளல்ல, பள்ளிக்கூடம்.

அமெரிக்காவில் பள்ளிக் கட்டடம் எழுப்ப, பள்ளி மாவட்டம் கடன் பத்திரம் வெளியிடும். அதற்கு மாவட்ட வாக்காளர் ஒப்புதல் வேண்டும். கடன் அவர்களது சொத்து வரியிலிருந்து அடையும். சன் சிட்டி, பியோரியா என்ற பழைய வேளாண் ஊரின் பள்ளி மாவட்டத்துக்குள் அமைந்திருந்தது. பிள்ளைகளே இல்லாத ஊரில் ஆயிரக்கணக்கான வாக்குகள்! முதியவர்கள் வாக்களிக்கத் தவறுவதுமில்லை. 1962க்கும் 1974க்கும் இடையில் பியோரியாவின் பள்ளிக் கடன் பத்திரங்கள் பதினேழு முறை தோற்கடிக்கப்பட்டன. ஒருமுறை இருமுறை அல்ல, பதினேழு முறை. வகுப்பறை போதாமல் பிள்ளைகள் முறைவைத்துப் படிக்க நேர்ந்தது. இறுதியில் 1974இல் சன் சிட்டியைத் தன் எல்லையிலிருந்தே நீக்கிவிடுவது மேல் என்று அம்மாவட்டம் முடிவு செய்தது. பள்ளி வரியும் அவர்களைவிட்டு நீங்கிற்று. பிற்காலத்தில் பக்கத்தில் எழுந்த சன் சிட்டி வெஸ்டும், விவசாயத் தொழிலாளர் பிள்ளைகள் மிகுதியாகப் படித்த டைசார்ட் பள்ளி மாவட்டத்திலிருந்து அவ்வாறே பிரிந்து சென்றது.

அவர்கள் தரப்பைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு வேறு மாநிலத்தில் வரி கட்டி முடித்துவிட்டோம், இப்போது கைக்கு வருவது அளவான ஓய்வூதியம் என்றார்கள். பொய்யில்லை. தமக்குத் தேவையானதை அவர்கள் பிறர் தலையில் கட்டவுமில்லை. 1970இல் திறக்கப்பட்ட பாஸ்வெல் மருத்துவமனைக்குத் தாமே நிதி திரட்டினார்கள். ஷெரீப்புக்குத் துணையாக முதியவர்களே சீருடையணிந்து ரோந்து போகிறார்கள். ஊர்த் தெருக்களைப் பெருக்கி மரங்களைப் பேணும் தொண்டர் குழு ஒன்றும் உண்டு. எழுபது வயதில் துடைப்பமெடுத்துத் தெருக் கூட்டுபவரைத் தன்னலக்காரர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. ‘கட்டி முடித்துவிட்டோம்’ என்று எதைச் சொல்கிறார்கள்? தம் பிள்ளைகளுக்கான வரியை. தாம் சிறுவராகப் படித்த பள்ளிக்கு வரி செலுத்தியவர் யாரோ ஓர் ஊரில் யாரோ ஒரு கிழவர். அந்தக் கடன் பின்னோக்கி அடைபடுவதில்லை, முன்னோக்கித்தான் அடைபடும். அதைவிட முக்கியம், அவர்களுக்கு மாதந்தோறும் வந்த சமூகப் பாதுகாப்புக் காசோலை. அது அவர்கள் உண்டியலில் போட்டுவைத்த பணமன்று. அன்றன்றைக்கு உழைப்போரின் ஊதியத்தில் பிடிக்கப்படும் வரியிலிருந்து அன்றைய முதியோருக்கு வழங்கப்படுவதே அத்திட்டத்தின் அடிப்படை. பியோரியாவில் இடநெருக்கடியில் படித்த பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போய்ச் செலுத்திய வரியும் அதில் சேர்ந்தது. மருத்துவமனைச் செவிலி, மின்பணியாளர், குளிர்சாதனம் பழுது பார்ப்பவர் எல்லாரும் ஏதோ ஒரு பள்ளியிலிருந்து வந்தாக வேண்டும்.

குளிர்சாதனம் அங்கே ஆடம்பரமன்று, உயிர். 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 செல்சியஸைத் தாண்டியது. அவ்வாண்டு அந்த மாவட்டத்தில் வெப்பத்தால் இறந்தவர் 645 பேர். அதற்கு முன்பே, 2018இல், சன் சிட்டி வெஸ்டில் தனியே வாழ்ந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் சுமார் 51 டாலர் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்டு அவர் வெப்பத்தில் மடிந்தார். கோடையில் மின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாதென்ற தடை 2019இல் வந்தது. நிலத்தடி நீரின் கதையும் உண்டு. பக்கத்து விமானப்படைத் தளத்தருகே நீர் உறிஞ்சியதால் தரை பதினெட்டு அடி வரை தாழ்ந்திருக்கிறது. அதைத் தனியே எழுத வேண்டும்.

யங்டவுன் என்னவாயிற்று என்று சொல்லிவிடுகிறோம். தொண்ணூறுகளில் அங்கே ஒரு சிறுவன், வீட்டில் கொடுமை தாளாமல், தன் தாத்தா பாட்டியிடம் அடைக்கலமானான். வயது விதியைக் காட்டி அவனை அனுப்பச் சொன்னது ஊர். வழக்கு மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம் வரை போயிற்று. 1998இல் அந்த வயது விதியே செல்லாது என்றானது. அதன்பின் பிள்ளைகுட்டிக்காரர்கள் வந்து வீடு வாங்கினார்கள். 2000இல் சுமார் மூவாயிரமாக இருந்த மக்கள்தொகை பத்தாண்டுகளில் ஆறாயிரத்தைக் கடந்தது. அடுத்திருக்கும் சன் சிட்டியில் வயது விதி இன்றும் நடப்பில் உள்ளது. பேரப்பிள்ளைகள் விருந்தினராக வரலாம், குடியிருக்க முடியாது.