கரைக்கும் கரைக்கும் நடுவே: 'ஈ. 1999 எட்டர்னல்' ஆல்பமும் கிளீவ்லாந்து ராப்பின் தடமும்

1990களின் அமெரிக்க ராப் வரலாறு பெரும்பாலும் இரண்டு கடற்கரைகளின் பூசலாகவே எழுதப்பட்டு வருகிறது. கிழக்கே நியூயார்க், மேற்கே லாஸ் ஏஞ்சலஸ். இடையிலுள்ள மாநிலங்கள் ரசிகர்களை மட்டும் தந்ததுபோல. இந்தச் சட்டகத்துக்குள் அடங்காதது 1995 ஜூலை 25 அன்று வெளியான 'ஈ. 1999 எட்டர்னல்'. ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரின் போன் தக்ஸ்-என்-ஹார்மனி குழு பாடிய இந்த ஆல்பம், பில்போர்டு 200 பட்டியலில் நுழைந்த வாரமே முதலிடம் பெற்றது. வேகமாகச் சொல்லடுக்கியவர்கள் என்று ஒரு வரியில் இக்குழுவை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் வேகம் இவர்களின் தனிச்சொத்து அல்ல. சிகாகோவின் ட்விஸ்டா 1992லேயே கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றுவிட்டார். இவர்கள் விட்டுச்சென்றது வேறொன்று: பல குரல்கள் சுருதி சேர்ந்து பாடிக்கொண்டே ராப் சொல்லும் முறை. அது மத்திய மேற்கு மாநிலங்களின் கறுப்பினப் பாடற்குழு மரபில் வேர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆல்பத்தின் பெயர் 1999ஆம் ஆண்டையும் கிளீவ்லாந்தின் கிழக்கு 99ஆம் தெருவையும் ஒருங்கே குறிக்கிறது. அத்தெரு செயின்ட் கிளேர் அவென்யூவைச் சந்திக்கும் க்ளென்வில் பகுதிதான் குழுவினரின் களம். தென்மாநிலங்களிலிருந்து வடக்கு நோக்கிப் பெயர்ந்த கறுப்பின மக்கள், எஃகு ஆலைகளையும் வாகனத் தொழிலையும் நம்பிக் குடியேறிய நகரம் இது. 1967இல் கார்ல் ஸ்டோக்ஸைத் தேர்ந்தெடுத்து, கறுப்பினத்தவரை மேயராக்கிய முதல் அமெரிக்கப் பெருநகரம் என்ற பெயரையும் பெற்றது. மறு ஆண்டே க்ளென்வில்லில் காவல்துறைக்கும் ஆயுதமேந்திய கறுப்பினக் குழுவுக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டு கலவரமானது. 1978 டிசம்பரில் நகராட்சி கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தது. 1950இல் 9,14,808 ஆக இருந்த மக்கள்தொகை 1990இல் 5,05,616 ஆகச் சுருங்கியது. குழுவினர் வளர்ந்தது இந்தச் சரிவின் அடிவாரத்தில்.

ஆலைகள் மூடினாலும் பாட்டு மூடவில்லை. ஓ'ஜேஸ் குழு கேன்டனில் உருவாகி, தன் பெயரையே கிளீவ்லாந்து வானொலி அறிவிப்பாளர் எடி ஓ'ஜேயிடமிருந்து பெற்றது. ஐஸ்லி பிரதர்ஸ் சின்சினாட்டிக்காரர்கள். தேவாலயத்திலும் தெருமுனையிலும் நாலைந்து பேர் கூடி, ஒருவர் மேல் சுருதியிலும் இன்னொருவர் கீழ்ச் சுருதியிலும் குரல் கோக்கும் பழக்கம் இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. போன் தக்ஸும் குடும்பக் குழுவே. லேசி போனும் ஃபிளெஷ்-என்-போனும் உடன்பிறந்தவர்கள். விஷ் போன் அவர்களுக்கு உறவு. கிரேசி போனும் பிஸி போனும் நண்பர்கள். ஆல்பத்தின் இரண்டு பெரும் வெற்றிப் பாடல்களும் எதன்மேல் கட்டப்பட்டுள்ளன என்று பார்த்தால் இத்தொடர்ச்சி புலப்படும். 'தா கிராஸ்ரோட்ஸ்' ஐஸ்லி பிரதர்ஸின் 1975ஆம் ஆண்டுப் பாடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது; 'ஃபர்ஸ்ட் ஆஃப் தா மன்த்' டெட்ராய்ட்டின் சாப்டர் 8 குழுவிடமிருந்து. இரண்டுமே அண்டை வீட்டுச் சரக்கு.

ஆனால் வாய்ப்பு மேற்கிலிருந்தே வர வேண்டியிருந்தது. குழுவினர் பஸ் ஏறி லாஸ் ஏஞ்சலஸ் போய், ரூத்லெஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் ஈஸி-ஈயைத் தேடினார்கள். தொலைபேசியில் ராப் சொல்லிக் காட்டியும் கதவு உடனே திறக்கவில்லை. அவர் நிகழ்ச்சிக்காகக் கிளீவ்லாந்து வந்தபோது, மேடைக்குப் பின்னால் பாடிக் காட்டியே ஒப்பந்தம் பெற்றார்கள். 1994இல் வந்த 'கிரீப்பின் ஆன் அ கம் அப்' என்ற சிறு தொகுப்பு பெயர் வாங்கித் தந்தது. அடுத்த ஆல்பம் வெளிவருமுன், 1995 மார்ச் 26 அன்று, எய்ட்ஸ் நோயின் சிக்கல்களால் ஈஸி-ஈ இறந்தார்.

டிஜே யூனீக் அமைத்த இசை மெதுவானது, இருண்டது. ஆழமான பேஸ், அதன்மேல் கீச்சிடும் சின்தசைசர். அந்த மந்த நடையின்மேல் குரல்கள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகின்றன. நான்கெண்ணும் தாளத்தில் ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரிக்கும் இடங்களை நம் லயக் கலைஞர்கள் திஸ்ர நடை என்று உடனே அடையாளம் காண்பார்கள். முன்னணிக் குரலுக்குப் பின்னால் அதே வரிகள் வேறு சுருதிகளில் அடுக்கப்படுகின்றன. சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவிலிருந்த சுவர் கரைகிறது. ராப்பர் சொல்வார், பாடகி பல்லவி பாடுவார் என்ற அன்றைய வேலைப் பிரிவினை இங்கே செல்லாது. ஆல்பம் முழுக்க இந்தத் தரம் நிற்கிறதா என்றால், இல்லை. கொலைப் பெருமிதமும் ஆவியழைக்கும் பலகை பற்றிய பாட்டும் ஆல்பத்தைப் பின்னுக்கு இழுக்கின்றன.

சமூக ஆவணம் என்ற வகையில் 'ஃபர்ஸ்ட் ஆஃப் தா மன்த்' தனித்து நிற்கிறது. மாதம் பிறந்ததும் அரசு உதவித்தொகைக் காசோலை வீட்டுக்கு வரும் நாளைப் பற்றிய பாட்டு இது. அன்று கடன் அடையும், குளிர்பெட்டி நிறையும், போதைப்பொருள் விற்பவனுக்கும் வியாபாரம் நடக்கும். வறுமையைப் புலம்பலாகவோ குற்றச்சாட்டாகவோ பாடாமல், ஒரு மாதாந்தரத் திருநாளாகப் பாடியதுதான் இதன் துணிச்சல். உதவித்தொகை பெறும் கறுப்பினத் தாய்மாரை ஏளனம் செய்வது அமெரிக்க அரசியல் மேடைகளில் வாடிக்கையாக இருந்த காலம் அது. பாடல் வந்து ஓராண்டு கழித்து, 1996 ஆகஸ்ட் 22 அன்று, அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம், குழந்தைகளுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு 1935 முதல் வழங்கப்பட்ட உதவித் திட்டத்தை முடித்து, காலவரம்புள்ள புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. உணவுக் கூப்பன்களும் பின்னர் மின்னணு அட்டைக்கு மாறின. ஒரு ஏற்பாடு மறையும் தறுவாயில், அதன் பயனாளிகள் தாமே பதிந்துவைத்த சாட்சியம் என்று இப்பாடலைக் கொள்ளலாம்.

'தா கிராஸ்ரோட்ஸ்' ஆல்பத்தில் வேறு வடிவில், இறந்த ஒரு நண்பருக்கான பாடலாக இருந்தது. ஈஸி-ஈயையும் சேர்த்து நினைவுகூரும்படி அதை மாற்றிப் புதிய இசையோடு வெளியிட்டார்கள். 1996இல் அது பில்போர்டு ஹாட் 100இல் எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. கிராமி விருதும் பெற்றது. துப்பாக்கியைப் பாடியவர்கள் வாயிலிருந்தே ஒப்பாரி வந்தது, அதையும் கூட்டுக்குரலில் இழைத்தே பாடினார்கள்.

இதற்குப் பிந்தைய தடத்தைப் பின்பற்றுவது கடினமல்ல. 1997இல் நட்டோரியஸ் பி.ஐ.ஜி. 'நட்டோரியஸ் தக்ஸ்' பாடலில் தன் வழக்கமான நடையை விட்டு இவர்கள் நடைக்கு மாறினார்; நியூயார்க்கின் தலைசிறந்த ராப்பர் கிளீவ்லாந்துக்காரர்களிடம் தாளம் வாங்கிக்கொண்டார் என்பது சிறிய செய்தி அல்ல. அதே ஆண்டு மரியா கேரி 'பிரேக்டவுன்' பாடலில் கிரேசி, விஷ் இருவரையும் சேர்த்துக்கொண்டு, தானும் அவர்களைப் போலவே சொற்களை நெருக்கிப் பாடினார். 2006இல் ராப்பர் சமில்லியனேரின் 'ரைடின்' கிரேசி போனின் குரலோடு முதலிடம் சென்றது. மிகோஸ் குழு பின்னாளில் பரப்பிய, ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரிக்கும் அந்த நடைக்கு இவர்களை மட்டும் மூலவர்களாகச் சொல்வது மிகை. மெம்பிஸின் த்ரீ 6 மாஃபியாவும் அதே காலத்தில் அதே திசையில் நடந்தது. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று இரு தரப்பும் சண்டையும் போட்டன. ஆனால் பாட்டும் ராப்பும் ஒரே மூச்சில் கலப்பதில் இவர்களுக்கு நிகரான முன்னோடிகள் குறைவு. கிளீவ்லாந்திலேயே பிறந்த கிட் கடியும் கனடாவின் டிரேக்கும் 2009இல் பாடும் ராப்பைப் பொதுவழக்காக்கியபோது, அந்தப் பாதையில் ஏற்கெனவே ஆள் நடந்திருந்தது.

2023 ஆகஸ்டில் கிளீவ்லாந்து நகரம், கிழக்கு 99ஆம் தெருவின் ஒரு பகுதிக்குக் குழுவின் பெயரைச் சூட்டியது. அதே நகரின் ஏரிக்கரையில், இந்த ஆல்பம் வந்த சில வாரங்களில், 1995 செப்டம்பரில் திறக்கப்பட்ட ராக் அண்ட் ரோல் புகழரங்கம், முதல் பதிவு வெளிவந்து 25 ஆண்டு கடந்தவர்களைச் சேர்க்கலாம் என்கிறது. போன் தக்ஸ் அந்தத் தகுதியைப் பெற்று ஆண்டுகள் ஆகியும், 2025 வரையிலான எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை.