சொந்த வெப்சைட் தொடங்கப் போறீங்களா? ஹோஸ்டிங் வாங்கும் முன் இதையெல்லாம் கவனிங்க!

அம்பத்தூர் எஸ்டேட் என்றாலே லேத் பட்டறையும் ஷிப்ட் சங்கும்தான் ஒரு காலத்தில் நினைவுக்கு வரும். 1960-களில் உருவான அந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் இப்போது ஜெனரேட்டர்களும் குளிரூட்டும் இயந்திரங்களும் சூழ்ந்த பெரிய கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. அவை டேட்டா சென்டர்கள். அம்பத்தூரில் என்.டி.டி. நிறுவனம் 2023-ல் ஒரு வளாகத்தைத் திறந்தது. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி மூன்றும் சேர்ந்த டிஜிட்டல் கனெக்‌ஷன் நிறுவனத்தின் வளாகம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது.

சரி, ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருக்கும் ஒருவர் தன் கவிதைகளுக்கோ, டியூஷன் நோட்ஸுக்கோ, போட்டோக்களுக்கோ ஒரு வெப்சைட் தொடங்கினால், அது பக்கத்தில் இருக்கும் இந்தக் கட்டடத்திலா இருக்கும்? இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இங்கே மொத்தமாக இடம் எடுப்பவை பெரிய நிறுவனங்கள். தனிநபருக்கு சில்லறையாக இடம் தருவது ஹோஸ்டிங் நிறுவனங்கள். அவற்றின் சர்வர் மும்பையிலும் இருக்கலாம், அமெரிக்காவிலும் இருக்கலாம்.

அப்படியென்றால் எதைப் பார்த்து ஹோஸ்டிங்கைத் தேர்வு செய்வது?

டொமைன் வேற, ஹோஸ்டிங் வேற

டொமைன் என்பது உங்கள் முகவரி. ஹோஸ்டிங் என்பது வாடகை வீடு. வீடு மாறினாலும் முகவரியைக் கையோடு எடுத்துப் போகலாம் என்பதுதான் இணையத்தில் இருக்கும் பெரிய வசதி. ஆனால் அந்த முகவரி உங்கள் பெயரில் பதிவாகி இருக்க வேண்டும்.

வெப்சைட் செய்து தரும் நண்பரோ டிசைனரோ தன் பெயரில், தன் இமெயிலில் டொமைனைப் பதிவு செய்துவிடுவது அடிக்கடி நடக்கும். பின்னால் மனஸ்தாபம் வந்தால் சைட்டே கைவிட்டுப் போகும். உரிமையாளர் பெயர், இமெயில், போன் நம்பர் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். முடிந்தால் டொமைனை ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங்கை இன்னொன்றிலும் வாங்குங்கள்.

டாட் இன் முகவரிகளை நிக்ஸி எனும் இந்திய அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழ் எழுத்திலேயே முடியும் '.இந்தியா' முகவரியும் உண்டு.

சர்வர் எங்கே இருந்தால் வேகம்?

ஃபைபர் கேபிளில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை சுமார் 1,000 கி.மீ. போய்த் திரும்ப குறைந்தது 10 மில்லி செகண்ட். அமெரிக்காவின் கிழக்குக் கரை 13,000 கி.மீ.க்கு மேல். போய்த் திரும்ப 130 மில்லி செகண்டுக்குக் குறையாது. ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல தடவை போய் வர வேண்டும்.

எனவே வாசகர்கள் தமிழ்நாட்டில் என்றால் இந்திய சர்வர் நல்லது. டொரொண்டோவிலும் லண்டனிலும் வாசகர்கள் இருந்தால், பக்கங்களின் நகலை ஆங்காங்கே வைத்துத் தரும் 'சி.டி.என்.' வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

முதல் வருஷ விலையை மட்டும் பார்க்காதீங்க

விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் முதல் முறைக்கான சலுகை விலை. அதுவும் இரண்டு, மூன்று வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் கிடைக்கும். புதுப்பிக்கும்போது அது பல மடங்கு ஏறக்கூடும். 'ரினியூவல்' விலை எவ்வளவு, 18% ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று முதலிலேயே பாருங்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குப் பின்னால் கோப்பு எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு ஒளிந்திருக்கும். பாதுகாப்புச் சான்றிதழான எஸ்.எஸ்.எல்.லுக்குத் தனியாகக் காசு கேட்டால் யோசியுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகவே தருகிறது.

பேக்கப் யார் கையில்?

2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து சாம்பலானது. காசு கொடுத்து பேக்கப் வாங்கியிருந்த சிலருக்கும் அது உதவவில்லை. ஏனென்றால் அந்த பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் இருந்தது. சிலர் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் வரை போனார்கள்.

பாடம் இதுதான்: ஹோஸ்டிங் நிறுவனம் எடுக்கும் பேக்கப் அவர்களுக்கு. உங்களுக்கென்று ஒரு நகல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை டவுன்லோடு செய்தாலே போதும். அது ஒழுங்காகத் திறக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இலவசம் என்றால் வேண்டாமா?

அப்படி இல்லை. கவிதை, கட்டுரை, படங்கள் மட்டும் என்றால் கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற இலவச சேவைகளே போதும். ஓரளவு தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேரை நீங்களே நிறுவி நடத்த வேண்டும் என்றால் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் போதும். வி.பி.எஸ். எனும் தனி சர்வரைப் பராமரிக்கத் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆனால் இலவச வீடு எப்போது வேண்டுமானாலும் இடிக்கப்படலாம். லட்சக்கணக்கானோர் சொந்தப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாஹூ மூடியது. டாட் டிகே போன்ற இலவச டொமைன்களை வழங்கிவந்த ஃப்ரீநோம், 2023-ல் புதிய பதிவுகளை நிறுத்தி, அடுத்த ஆண்டு அந்தத் தொழிலை விட்டே விலகியது.

பணம் கட்டும் முன் 5 கேள்விகள்

1. டொமைன் என் பெயரில் பதிவாகுமா?
2. புதுப்பிக்கும் விலை எவ்வளவு?
3. முழு சைட்டையும் நானே டவுன்லோடு செய்ய முடியுமா?
4. ராத்திரி சைட் படுத்துவிட்டால் பதில் சொல்ல ஆள் உண்டா?
5. வேறு நிறுவனத்துக்கு மாற என்ன நடைமுறை, என்ன கட்டணம்?

டாட் காம் டொமைன் காலாவதியானால் உடனே போய்விடாது. பெரும்பாலான நிறுவனங்கள் சில நாள் அவகாசம் தரும். அதன்பின் 30 நாள் வரை கூடுதல் கட்டணத்தில் மீட்கலாம். அதையும் விட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ஆட்டோ ரினியூவலை ஆன் செய்து, போனில் ஒரு ரிமைண்டரும் வையுங்கள்.

வாடகைக்குப் போகும்போது தண்ணீர் வருதா, அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்கிறோம். காலி பண்ணும்போது அட்வான்ஸ் முழுசாகத் திரும்ப வருமா என்றும் கேட்கிறோம் இல்லையா? ஹோஸ்டிங்கிலும் அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். சுலபமாக வெளியே வர வழி இருக்கும் இடமே உங்கள் எழுத்துக்குப் பாதுகாப்பான இடம்.