வீட்டோடு மாப்பிள்ளையான நைட்லி

பக்கத்து வீட்டுக் காதல் நாவல்களுக்கு ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. ஒரு பொதுச்சுவர், ஒரு லிஃப்ட், இல்லாவிட்டால் துணி காயப்போடும் இடம். முதலில் சண்டை, பிறகு சிரிப்பு, கடைசியில் கல்யாணம். ‘லைட்டா ஏதாவது சொல்லுங்களேன்’ என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் புத்தகம் ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’. இன்று அதைக் ‘கிளாசிக்’ என்று அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டோம். 1815 டிசம்பரில் லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரி அதை வெளியிட்டபோது அது ஒரு சமகால நாவல். கலகலப்பான காதல் கதை. அந்தக் காதல் ஏன் பக்கத்து வீட்டிலேயே நடக்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

லண்டனிலிருந்து 16 மைல் தொலைவில் ஹைபரி என்ற கற்பனை ஊர். அங்கே ஹார்ட்ஃபீல்டு வீட்டில் எம்மா வுட்ஹவுஸ் இருக்கிறாள். வயது 20 முடியப்போகிறது. பேரில் 30,000 பவுண்ட் இருக்கிறது. அம்மா இல்லை. காற்று பட்டாலே காய்ச்சல் வந்துவிடும் என்று பயப்படும் அப்பா. ஒரு மைல் தள்ளி டான்வெல் பண்ணை வீட்டில் நைட்லி, வயது 37. எம்மாவுடைய அக்காள் கணவரின் அண்ணன். தினமும் நடந்தே வருவார், உட்காருவார், எம்மா செய்யும் தப்பைச் சொல்லிக் காட்டுவார். ஊரில் யாருக்கு யாரை முடித்துவைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் எம்மாவுக்கு, எதிர் நாற்காலியில் இருக்கும் ஆளை மட்டும் கண்ணில் படவில்லை. கதை இவ்வளவுதான்.

அந்தக் காலத்து வசதியான குடும்பத்துப் பெண் நினைத்த இடத்துக்குத் தனியாகக் கிளம்பிவிட முடியாது. வண்டியும் குதிரையும் வைத்துக்கொள்வது பெரிய செலவு. மழை பெய்தால் பாதை சேறு. பணமிருந்தும் எம்மா கடலைப் பார்த்ததில்லை. ஏழு மைல் தள்ளியிருக்கும் பாக்ஸ் ஹில் குன்றுக்கே அவள் முதன்முதலாகப் போவது நாவலின் பிற்பகுதியில்தான். அப்படிப்பட்டவளுக்கு ‘மாப்பிள்ளை பார்ப்பது’ என்றால் வாசல் தாண்டி யார் வருகிறார்களோ, அவர்களுக்குள் பார்ப்பதுதான். நாவல் எழுத முயன்ற தன் அண்ணன் மகள் அன்னாவுக்கு 1814-இல் எழுதிய கடிதத்தில், ஒரு கிராமமும் மூன்று நான்கு குடும்பங்களும் இருந்தால் போதும் என்று ஆஸ்டின் யோசனை சொல்கிறார். அதை எழுத்து உத்தி என்று எடுத்துக்கொள்ளலாம். பல பெண்களுக்கு அன்றைய உலகத்தின் அளவே அதுதான் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நிலக்கணக்கும் உள்ளே ஓடுகிறது. ஹார்ட்ஃபீல்டின் நிலம் டான்வெல் எஸ்டேட்டின் ஓரத்தில் வெட்டி எடுத்த துண்டு மாதிரி இருக்கிறது; ஹைபரியின் மற்ற நிலமெல்லாம் டான்வெல்லைச் சேர்ந்தது. தெரிஞ்ச குடும்பம், ஏற்கெனவே சம்பந்தம் செய்த இடம், சொத்தும் வெளியே போகாது. நம்ம வீட்டுப் பெரியவர்கள் இந்த நாவலைப் படித்திருந்தால் முதல் அத்தியாயத்திலேயே தாம்பூலம் மாற்றியிருப்பார்கள்.

ஆனால் ஆஸ்டின் இந்தக் காதலை நிலத்தை வைத்து மட்டும் கட்டவில்லை. அதைச் சோதிக்க மிஸ் பேட்ஸ் என்று ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார். முன்னாள் பாதிரியாரின் மகள், நடுவயது, கல்யாணமாகாதவர். வயதான அம்மாவோடு மாடியில் ஒரு சின்ன வாடகைக் குடியிருப்பு. வாய் ஓயாமல் பேசுவார், கேட்பவர்களுக்குக் களைத்துவிடும். ஹார்ட்ஃபீல்டிலிருந்து பன்றி இறைச்சி வரும், டான்வெல்லிலிருந்து ஆப்பிள் வரும். ஒரு விருந்துக்கு மிஸ் பேட்ஸை அழைத்துப்போக, எப்போதும் நடந்தே போகும் நைட்லி வண்டிக்குக் குதிரை பூட்டுகிறார். பாதிரியார் இறந்தால் திருச்சபை வீடு அடுத்தவருக்குப் போய்விடும். ஓய்வூதியம் கிடையாது. அக்கம்பக்கத்தார் மனசுதான் இவர்களுடைய வருமானம்.

பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில், எல்லார் முன்னாலும், இந்த மிஸ் பேட்ஸின் பேச்சைக் கிண்டலடித்து எம்மா ஒரு நகைச்சுவை சொல்கிறாள். நல்ல நகைச்சுவைதான், படிக்கும் நமக்கும் சிரிப்பு வரும். மிஸ் பேட்ஸுக்கு அது புரிய ஒரு நொடி ஆகிறது. புரிந்ததும் முகம் சிவக்கிறது. திரும்பும்போது நைட்லி எம்மாவைத் தனியாக நிறுத்திக் கேட்கிறார். அவர் உனக்குச் சமமான வசதியோடு இருந்தால் விட்டுவிடலாம். அவர் ஏழை, இனி இன்னும் ஏழையாவார், நீ குழந்தையாக இருந்தபோது உன்னைப் பார்த்தவர் என்கிறார். எம்மா வீடு போய்ச் சேரும்வரை வண்டியில் அழுகிறாள். என்னைப் பொறுத்தவரை நாவலின் காதல் காட்சி இதுதான். பின்னால் தோட்டத்தில் நைட்லி மனதைத் திறப்பது இதன் தொடர்ச்சி.

மிஸ் பேட்ஸை ஆஸ்டின் தூரத்திலிருந்து பார்த்து எழுதவில்லை. அவருடைய அப்பாவும் பாதிரியார், 1805-இல் இறந்தார். அதன்பின் அம்மா, அக்கா கசாண்ட்ரா, ஜேன் மூவரும் சகோதரர்கள் தரும் பணத்தைப் பெரிதும் நம்பி இடம் மாறி மாறி வாழ்ந்தார்கள். 1809-இல் அண்ணன் எட்வர்ட் சாட்டன் கிராமத்தில் ஒரு வீடு கொடுத்தார். ‘எம்மா’ எழுதப்பட்டது அந்த வீட்டில்தான். முப்பதாயிரம் பவுண்ட் எம்மாவைவிட மாடி வீட்டு மிஸ் பேட்ஸின் பக்கத்தில்தான் ஆஸ்டின் இருந்தார்.

புத்தகத்தின் கணக்கும் அதையே சொல்கிறது. அட்டையில் அவர் பெயர் இல்லை. அரண்மனை நூலகர் சொன்னதால், தனக்குப் பிடிக்காத இளவரசர் ரீஜண்டுக்குச் சமர்ப்பணம் எழுத வேண்டியிருந்தது. 2,000 பிரதிகள் அச்சாயின. நான்கு வருஷம் கழித்தும் 500-க்கு மேல் விற்காமல் கிடந்தன. முந்தைய நாவலின் இரண்டாம் பதிப்பில் வந்த நஷ்டத்தை மர்ரி கழித்துக்கொண்டதில், உயிரோடு இருந்தவரை ஆஸ்டின் கைக்கு வந்தது சுமார் 39 பவுண்ட். 1817 ஜூலையில் இறந்தபோது வயது 41.

நாவலின் முடிவு மட்டும் அந்தக் காலத்தை மீறுகிறது. தனி ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால், கல்யாணமானதும் மனைவியின் பணம் கணவனுடையது என்று சட்டம் சொன்ன காலம். 1870-க்குப் பிறகுதான் அது மாறத் தொடங்கியது. அப்படியொரு காலத்தில், அப்பாவை விட்டு வர முடியாது என்று எம்மா சொல்ல, ஊரில் பாதிக்கு மேல் நிலம் வைத்திருக்கும் நைட்லி தன் வீட்டை விட்டுவிட்டு ஹார்ட்ஃபீல்டுக்குக் குடிவருகிறார். சுத்தமான வீட்டோடு மாப்பிள்ளை. கல்யாணம் என்றாலே பதறும் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது காதல் வசனமில்லை, கோழித் திருடர்கள். பக்கத்தில் ஒரு வீட்டில் வான்கோழிகள் மொத்தமாகக் களவுபோக, வீட்டில் ஒரு ஆம்பளை இருந்தால் பாதுகாப்பு என்று கிழவர் இறங்கி வருகிறார்.

இப்போது வருகிற பக்கத்து வீட்டுக் காதல் நாவல்களைப் படிக்கும்போது நான் இரண்டு விஷயம் தேடுகிறேன். அந்தத் தளத்தில் மிஸ் பேட்ஸ் எந்த வீட்டில் இருக்கிறார், அவரைக் காதலர்கள் எப்படி நடத்துகிறார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள்? பல நாவல்களில் அந்தத் தளத்தில் வேறு யாருமே குடியிருப்பதில்லை.